அர்மான்யாக்கை விட்டுவிட்டீர்களே

1936-இல் பிரெஞ்சு அரசு விமானத் தொழிற்சாலைகளைத் தேசியமயமாக்கியபோது பிறந்த சூட்-எஸ்ட் விமான நிறுவனத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில் முழு இடத்தையும் அதன் கரவெல்லே என்ற பயணிகள் ஜெட் விமானம் பிடித்துக்கொண்டது. புகழ் நியாயம்தான். இரண்டு ஜெட் என்ஜின்களையும் இறக்கையில் மாட்டாமல் வால்பக்கம் உடலோடு பொருத்தியதால் கேபினில் இரைச்சல் குறைந்தது. ஆனால் அதன் மூக்கு பிரிட்டனின் காமெட் ஜெட் விமானத்திலிருந்து வந்தது என்பதைக் கட்டுரையாளர் ஏன் சொல்லவில்லை? இரவல் வாங்கியதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஜன்னல் அவர்களுடைய சொந்தச் சரக்கு: மேலே குறுகி, கீழே அகன்று, முனை மழுங்கிய முக்கோணம். உட்கார்ந்தபடியே தரையைப் பார்க்கலாம்.

இதே நிறுவனம் 1949-இல் பறக்கவிட்ட அர்மான்யாக் என்ற பயணிகள் விமானத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அட்லாண்டிக்கைக் கடக்கும் இரவுப் பயணிகளுக்கு மூன்றடுக்குப் படுக்கை போடலாம் என்று கணக்கிட்டு அதன் உடலை அவ்வளவு பருமனாகக் கட்டினார்கள். நான்கு பிஸ்டன் என்ஜின்கள். ஏர் பிரான்ஸ் வேண்டாம் என்றுவிட்டது. மொத்தம் 9 விமானங்களோடு கதை முடிந்தது. மிஞ்சியவை இந்தோசீனப் போர்க் காலத்தில் வியட்நாமின் சைகோனுக்குப் பறந்தன.

அரசு நிறுவனம் என்றாலே தோல்விதான் என்று உங்கள் கட்டுரைக்கு ஒரு வாசகர் பதில் எழுதியிருக்கிறார். ஐயா, கரவெல்லேயையும் டர்பைனில் ஓடும் அலுவெத் 2 ஹெலிகாப்டரையும் 1955-இல், ஒரே ஆண்டில், பறக்கவிட்டது இதே அரசு நிறுவனம்தான். அந்த வரிசையில் அடுத்து வந்த அலுவெத் 3 பெங்களூரில் சேத்தக் என்ற பெயரில் தயாரானது. அதையாவது சேர்த்திருக்கலாம்.