இதை வெறும் காதல் கதையாக்காதீர்கள்

சபீனா ஸ்பீல்ரைனுக்கும், அவருக்குச் சிகிச்சை தந்த மனநல மருத்துவர் கார்ல் யுங்குக்கும் இடையே இருந்ததை நிறைவேறாத காதல் என்று அவர்களைப் பற்றிய கட்டுரை ஒன்று முடித்துவிட்டது எனக்கு ஒப்பவில்லை. 1904-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் மனநல மருத்துவமனையில் சேர்த்தபோது அந்தப் பெண்ணுக்கு 18 வயது, அடுத்த வருடமே அதே ஊரில் மருத்துவம் படிக்கப் போகிற அளவுக்குத் தேறிவிட்டார், அப்படித் தன்னைத் தூக்கி நிறுத்தியவர் மேல் மனசு சாய்வது இயல்புதான், அதில் சபீனாவின் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் யுங்? கல்யாணமானவர், டாக்டர். விஷயம் சபீனாவின் வீட்டுக்குத் தெரிந்ததும் அவருடைய அம்மாவுக்கு என்ன எழுதினார் தெரியுமா? நான் ஃபீஸ் வாங்கியதில்லை, அதனால் டாக்டருக்கான வரம்பு என்னைக் கட்டாது, வேண்டுமென்றால் ஒரு தடவை பார்க்க 10 பிராங்க் கொடுங்கள் என்று! படிக்கும்போதே வயிறு எரிகிறது. அப்புறம் சபீனாவே, பேசவைத்து ஆழ்மனதை ஆராயும் மனப்பகுப்பாய்வு மருத்துவராக உயர்ந்தாரே, அதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.