பட்டியலைவிடப் பின்பக்கம் மேல்

புதுப் புத்தகம் தேட அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலும் வாசகர்கள் தரும் நட்சத்திர மதிப்பீடும் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்குப் பாதிதான் உடன்பாடு. பட்டியலில் இருப்பது ஏற்கெனவே எல்லோர் கண்ணிலும் பட்ட புத்தகம்தானே?

கதையல்லாத நூல் என்றால் நான் முதலில் கடைசிப் பக்கங்களுக்குத்தான் போவேன். அங்குள்ள துணைநூல் பட்டியல்தான் புதையல். ஒரே நூல் அடிக்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்துப் படிக்க வேண்டியது அதுதான். இப்படித்தான் கடலைப் பற்றி ஒரு நூலில் ஆரம்பித்து, திமிங்கில வேட்டைக்குப் போய், திமிங்கில எண்ணெயில் எரிந்த தெருவிளக்குகளின் வரலாறு வரை வந்து நின்றேன். எந்த மதிப்பீடும் என்னை அங்கே கொண்டுபோயிருக்காது.

நாவலுக்கு இது உதவாது. மொழிபெயர்ப்பு நாவல் பிடித்தால் மொழிபெயர்த்தவர் பெயரைக் குறித்துக்கொண்டு அவருடைய மற்றவற்றைத் தேடுவேன்.

அப்புறம் நூலகம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க 1876இல் வந்த டூயி தசம முறையில் 500 அறிவியல், 900 வரலாறும் புவியியலும். தேடிய எண்ணுக்கு இருபுறமும் உள்ளவற்றையும் புரட்டுங்கள், ஒரே பொருளில் எழுதியவை பக்கத்திலேயே இருக்கும்.

குழந்தைகளுக்கு ஐந்து விரல் கணக்கு சொல்வார்கள்: ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்க வேண்டும், ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம். சரி, நல்ல கணக்குதான். ஆனால் என் மகள் ஐந்தும் மடங்கிய டைனோசர் புத்தகத்தைத்தான் தூங்கும்போதும் கீழே வைக்கவில்லை.