ஒரேயொரு போட்டோ வச்சிருக்கிற ஆக்களுக்குப் படம் கீறுறது

போன கிழமை ஒருத்தர் இன்பொக்ஸில வந்து "யூடியூப் பாத்துக் கீறுறதெல்லாம் ஒரு கலையா தம்பி" எண்டு கேட்டிருந்தார். அவர் வயசுக்கு மூத்தவர், அந்தக் காலத்தில பெயின்ற்றும் பிரஷும் வச்சுக் கீறின கை, அதால மரியாதையாத்தான் பதில் எழுதினன். ஆனா சொல்ல நினைச்சது முழுக்க அதுக்குள்ள வரல்ல, அதுதான் இந்தப் பதிவு.

ஓம், நான் வீடியோ பாத்துத்தான் பழகினன். எங்கட மட்டக்களப்புக் கல்லடியில அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கு, அங்க படிக்கக் கிடைச்ச ஆக்கள் குடுத்து வச்சவங்க, எனக்கு ஏ.எல். முடிஞ்ச கையோட வேலைக்குப் போக வேண்டி வந்திட்டு. 2020 கொரோனா ஊரடங்கில வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கக்குள்ள இரவு டேட்டா தொடங்குமட்டும் முழிச்சிருந்து வீடியோக்கள இறக்கி வச்சிட்டு, விடிஞ்சாப்புறகு ஒவ்வொண்டாப் போட்டு நிப்பாட்டி நிப்பாட்டிக் கீறுவன். தலை கீறுறதுக்கு அன்ட்ரூ லூமிஸ் எண்ட அமெரிக்க ஓவியர்ர முறை, அதை அங்கதான் கண்டன். முதல் ஒரு உருண்டை, ரெண்டு பக்கமும் சீவின மாதிரி வெட்டு, மறுகா மயிர் தொடங்குற இடத்தில இருந்து புருவம், புருவத்தில இருந்து மூக்கடி, அங்க இருந்து நாடி எண்டு மூண்டு சம பங்கு. அந்த ஒரு வீடியோவை வச்சு ஒரு மாசம் கீறியிருப்பன். பத்து வீடியோ பாத்து ஒரு படம் கீறுறதிலும் பாக்க ஒரு வீடியோ பாத்துப் பத்துப் படம் கீறுறதுதான் பழக்கம், அது எனக்கு லேட்டாத்தான் விளங்கிச்சு.

மறுகா காசு சேத்து ஒரு சின்ன டெப்லெட் வாங்கினன், லெப்டொப்பில கொழுவிக் கீறுற வகை. சொஃப்ட்வெயார் கிறீற்றா, அது இலவசம், ஆரும் போட்டுக்கொள்ளலாம். கை நடுங்கினாக் கோட்டை நேராக்கித் தாற செட்டிங் அதில இருக்கு, ஒண்டுக்கு மேல ஒண்டா லேயர் லேயராக் கீறலாம், பிழைச்சா அந்த லேயரை மட்டும் அழிக்கலாம். 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாளிலதான் திரும்பக் கடதாசியும் பென்சிலும் எடுத்தன், அதுவும் நல்லதுக்குத்தான்.

இப்ப நான் கூடுதலாச் செய்யிறது பழைய போட்டோ பாத்து முகம் கீறுறது. எங்கட கரைப்பக்கத்து ஆக்களுக்கு ஏன் இது தேவை எண்டு விளக்கத் தேவையில்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில இங்க நாவலடி, டச்பார், திருச்செந்தூர்ப் பக்கமெல்லாம் ஆக்களோட சேத்து அல்பங்களும் போயிட்டு. திராய்மடுவில இருந்து ஒரு அக்கா வந்தா, கையில அவட அம்மாட ஐடென்டிகாட். அண்டைக்கு அது டவுனில தங்கச்சி வீட்டில கிடந்ததால தப்பியிருக்கு. லமினேட் பண்ணின பழைய காட், கறுப்பு வெள்ளைப் படம், பெருவிரல் அளவுதான் முகம். அதுக்கு முதல் ஒரு கடையில குடுத்து ஏஐ அப்பில போட்டுத் தெளிவாக்கிப் பிரேமும் போட்டுக் குடுத்திருக்காங்க, அதையும் கொண்டு வந்து காட்டினா. பளபளப்பான வெள்ளை முகம், பல்லெல்லாம் ஒரே வரிசை. "வடிவாத்தான் இருக்கு தம்பி, ஆனா இது எங்கட அம்மா இல்ல" எண்டா.

நான் கீறிக் குடுத்தன். அவ பாத்திட்டுச் சொன்னா, "அம்மா இவ்வளவு வெள்ளை இல்ல."

பிழை என்ட கையில. வீடியோவில காட்டின தோல் நிறம் அப்பிடியே கைக்கு வந்திருக்கு, ரோஸ் கலந்த அடி நிறம், நிழலுக்கு ஊதா. ஒள்ளுப்பம் கறுப்பாக்கிப் பாத்தன், நிழலெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிட்டு. ரெண்டு மூண்டு நாள் விடியக் கல்லடிக் கடற்கரைக்குப் போய்க் கரைவலை இழுக்கிறவங்களப் பாத்துக்கொண்டு நிண்டன். கடலுக்குள்ளால வெயில் ஏறக்குள்ள அவங்கட முதுகில நிழல் ஊதா இல்ல, செங்கல் நிறம், நல்லாச் சூடான மண்ணிறம். வேர்வை மினுங்குற இடம் வெள்ளையும் இல்ல, அதில வானத்திட நீலம் விழுது. கறுத்த தோலில அந்த மினுக்கந்தான் முகத்திட வடிவத்தையே சொல்லுது. நான் பாத்த வீடியோ ஒண்டிலயும் இது இல்ல, அதுகளில இருந்த முகமெல்லாம் வேற நாட்டு முகம், வேற நாட்டு வெயில்.

திரும்பிப் போய் அந்த அக்காவை இருத்தி வச்சுக் கேட்டுக் கேட்டுக் கீறினன். அம்மாட கன்னம் உங்கட மாதிரியா தங்கச்சிட மாதிரியா, வெத்திலை போடுவாவா, சிரிச்சா எந்தப் பக்கம் உதடு ஏறும். லூமிஸ் சொன்ன மூண்டு பங்கு அவட முகத்தில சரியா வராது, நாடி கட்டை. அந்த அளவு பிழைக்கிற இடத்திலதான் அவட அம்மா இருந்தா.

அதாலதான் சொல்றன், டெப்லெட்டும் வீடியோவும் வேண்டாம் எண்டு சொல்ற ஆக்களோட எனக்கு ஒத்துப்போக ஏலாது, அதுகள் இல்லாட்டி நான் கீறியிருக்கவே மாட்டன். ஆனா ஒரேயொரு போட்டோ மட்டும் மிஞ்சின ஆக்கள்ர முகத்தை அந்த ஏஐ அப்பில போடாதீங்க. மங்கிப்போன இடத்தில என்ன இருந்துச்சு எண்டு அதுக்குத் தெரியாது, தான் பாத்த லட்சக்கணக்கான வேற முகங்கள வச்சு இப்பிடி இருந்திருக்கும் எண்டு நிரப்பி விடுது. கலியாண வீட்டுப் போட்டோவுக்கு அது பரவாயில்ல. ஒரு பிள்ளை தாய்ட முகத்தை மறந்துகொண்டு வாற நேரத்தில வேற ஒரு முகத்தைக் கொண்டு வந்து சுவரில கொழுவுறது பெரிய அநியாயம்.

எங்கட தோல் நிறம் கீறுறதுக்கு நானே தமிழில ஒரு வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறன், போனைக் கதிரையில கட்டி வச்சுத்தான். உங்களிட்ட அப்பிடிப் பழைய ஐடென்டிகாட் இருந்தா லமினேட்டை உரிக்காதீங்க, படமும் சேந்து கிழிஞ்சு வரும். பகல்ல வாசலடி நிழலில வச்சு, பிளாஷ் போடாம, போனை நேராப் பிடிச்சு ஒரு படம் எடுத்து வைங்க, இண்டைக்கே.