பயம் காட்டிக் காசு பிடுங்காதீர்கள்

"வைரஸ் கார்ட் போடாட்டி லப்டொப் கனநாள் தாங்காது அக்கா." வைரஸ் கார்ட் என்றால் கொம்பியூட்டரை வைரஸிலிருந்து காக்கிற மென்பொருள். இந்த ஒரு வசனத்தை வைத்துத் திருகோணமலையில் எத்தனை குடும்பங்களிடம் காசு கறந்திருப்பார்கள் என்று நினைத்தாலே கொதிக்கிறது.

யாரிடம் இதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கம்பனி நடத்துகிறவரிடம் இல்லை. பிள்ளையின் ஏ.எல். படிப்புக்கென்று சீட்டுக்காசு எடுத்து, ஒரு செகண்ட் ஹேண்ட் லப்டொப் வாங்க வந்து நிற்கிற தாயிடம் சொல்கிறார்கள். அந்தத் தாய்க்கு எது உண்மை, எது புளுகு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. விற்கிறவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் தலையில் கட்டுகிறார்.

உண்மை என்ன? வின்டோஸ் 10, வின்டோஸ் 11 இரண்டிலும் வைரஸ் கார்ட் உள்ளேயே இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் டிஃபென்டர் என்று பெயர். 2012 இல் வின்டோஸ் 8 வந்த காலம் தொட்டு அது வின்டோஸோடு சேர்ந்தே வருகிறது. அதற்குக் காசு இல்லை, கீ (மென்பொருளை இயக்க அடிக்கிற இலக்கம்) இல்லை, வருடம் முடிந்ததும் புதுப்பிக்கிற வேலையும் இல்லை. ஆரம்ப வருடங்களில் அது அவ்வளவு கெட்டித்தனமாக இருக்கவில்லை என்பது சரிதான். அந்தப் பழைய கதையைத்தான் இன்றைக்கும் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் மக்டபேர்க் நகரில் ஏவி-டெஸ்ட் என்றொரு நிறுவனம் இந்த மென்பொருள்களையெல்லாம் ஒழுங்காகச் சோதித்துப் புள்ளி போடுகிறது. அங்கே பாதுகாப்புப் பிரிவில் 6க்கு 6 எடுப்பது டிஃபென்டருக்குப் பல வருடங்களாகவே வழக்கமான விஷயம். முடிவுகளை அவர்களுடைய தளத்தில் யாரும் காசு கட்டாமல் பார்க்கலாம். லப்டொப் விற்றுப் பிழைக்கிற ஒருவருக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

விற்பதோடு விட்டாலும் பரவாயில்லை. உள்ளே இருப்பதையும் கெடுத்துவிட்டுத்தான் விற்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் தையல் வேலை செய்கிற ஒரு அக்கா, மகளுக்கு வாங்கிய லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சரியா இழுபடுது தம்பி, ஒருக்கா பாருங்க" என்றார். பில்லில் வைரஸ் கார்டுக்கென்று 3,500 ரூபா தனியாக எழுதியிருக்கிறது. திறந்து பார்த்தால், அந்த வைரஸ் கார்டின் கீ செல்லாது என்று மூலையில் செய்தி வந்து வந்து போகிறது. களவாகப் பலருக்குப் போட்ட ஒரே கீயை நிறுவனம் நிறுத்தியிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு டிஃபென்டரைத் திறந்தேன். ஓடுகிற நேரமெல்லாம் காவல் காக்கிற ரியல் டைம் ப்ரொடெக்ஷன் அணைத்துக் கிடக்கிறது. "எக்ஸ்க்ளூஷன்ஸ்" என்று ஒரு பட்டியல் இருக்கும், இவற்றைச் சோதிக்காதே என்று நாம் சொல்லி வைக்கிற இடம் அது. அந்தப் பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு ஃபோல்டர் இல்லை, இரண்டு ஃபோல்டர் இல்லை, முழு டிரைவ்!

ஏன் அப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? போட்டுக் கொடுத்தது கள்ள வின்டோஸ். அதை அக்டிவேட் பண்ணுகிற கிராக் மென்பொருளை டிஃபென்டர் கண்டுபிடித்து அழித்துவிடும். ஆகவே காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டு வேலையை முடிக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கிற இந்தக் கிராக்குகளுக்குள்தான் பாஸ்வேர்ட் திருடுகிற வைரஸ்களை ஒளித்துப் பரப்புகிறார்கள். அந்த அக்காவின் மகள் அந்த லப்டொப்பில்தான் தாயின் வங்கிக் கணக்கைத் திறந்து மின்சார பில் கட்டுகிறாள். பாதுகாப்புக்கென்று காசு கொடுத்தவருக்கு, இருந்த பாதுகாப்பையும் பிடுங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்குக் களவு என்பதை விட வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

சரி, கள்ளக் கீ வேண்டாம், நல்ல பிராண்டாகக் காசு கொடுத்தே வாங்குவோம் என்று போகிறவர்களுக்கும் நிம்மதி இல்லை. நோர்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா என்று நாலு பெயரைச் சொல்லி "எது வேணும்?" என்று கேட்பார்கள். நாலும் இன்று ஒரே கம்பனியின் கையில் இருக்கிறது. 2016 இல் அவாஸ்ட் ஏவிஜியை வாங்கியது. பிறகு நோர்ட்டன் அவிராவை வாங்கியது. 2022 இல் நோர்ட்டனும் அவாஸ்டும் ஒன்றாகி ஜென் டிஜிட்டல் என்று பெயர் வைத்துக்கொண்டன. எதை எடுத்தாலும் காசு போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்.

"அப்ப இலவச அவாஸ்ட் போடுவமே" என்று சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாவிப்பவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விபரத்தைச் சேர்த்து, ஜம்ப்ஷொட் என்ற தன்னுடைய துணைக் கம்பனி மூலம் அவாஸ்ட் விற்றுக்கொண்டிருந்தது. அது 2020 இல் வெளியே வந்தது. 2024 இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் அவாஸ்டிடம் 165 இலட்சம் டொலர் கேட்டது, விளம்பரத்துக்காக அந்த விபரங்களை விற்கக் கூடாது என்றும் தடை போட்டது. நம்மைக் காக்கிறேன் என்று வீட்டுக்குள் வந்தவர், நாம் எங்கே போகிறோம், என்ன பார்க்கிறோம் என்று எழுதி வைத்து விற்றிருக்கிறார். நோர்ட்டனும் லேசுப்பட்டதில்லை. 2021 இல் வைரஸ் கார்டுக்குள்ளேயே, பாவிப்பவரின் கொம்பியூட்டரை வைத்து கிரிப்டோ நாணயம் (இணையக் காசு) தோண்டுகிற வசதியைச் சேர்த்து, கிடைப்பதில் 15 சதவீதத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டது. பாவிப்பவர் சம்மதித்தால்தான் அது ஓடும் என்றாலும், வைரஸ் கார்டுக்குள் அதற்கு என்ன வேலை?

இனி விலைக்கு வருவோம், வயிறு எரிகிற இடமே இதுதான். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது முதல் வருட விலை. இணையத்தில் வாங்கினால் 60 சதவீதம் கழிவு, 70 சதவீதம் கழிவு என்று மின்னும். கீழே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், அடுத்த வருடத்திலிருந்து முழு விலை என்று இருக்கும். அது முதல் வருட விலையைப் போல இரண்டு மடங்கோ அதற்கும் மேலோ இருக்கும். வங்கிக் கார்ட் இலக்கத்தைக் கொடுத்து வாங்கினால், நீங்கள் நிறுத்தச் சொல்லும் வரை ஒவ்வொரு வருடமும் தானாகக் கழித்துக்கொள்வார்கள். கழிப்பதும் டொலரில். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்தபோது பட்டியலைப் பார்த்து "பரவாயில்லை" என்றவர்கள், அதே வருடம் 350ஐத் தாண்டியபோது என்ன பாடுபட்டிருப்பார்கள்? இன்றைக்கும் அது 200க்குத் திரும்பவில்லை. நம்முடைய சம்பளம் ரூபாவில் அல்லவா வருகிறது!

அப்புறம் இந்தப் பொய் அறிவிப்புகள். திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பு நிறத்தில் பாய்ந்து வரும்: உங்கள் கொம்பியூட்டரில் 5 வைரஸ் இருக்கிறது, உடனே புதுப்பியுங்கள். பிரபல வைரஸ் கார்ட் ஒன்றின் சின்னத்தையும் ஒட்டியிருப்பார்கள். வயதானவர்கள் நடுங்கிப்போய் வங்கிக் கார்ட் இலக்கத்தை அடிக்கிறார்கள். அது வைரஸே இல்லை. எப்போதோ கிரிக்கெட் பார்க்கவோ புதுப் படம் பார்க்கவோ போன ஏதோ ஒரு தளம் "அலவ்" அழுத்தச் சொல்லியிருக்கும், வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அந்தத் தளம் குரோம் வழியாக அனுப்புகிற நோட்டிஃபிகேஷன்தான் இது. குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ், அங்கே தெரியாத பெயரையெல்லாம் அழித்தால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. இதற்கு லப்டொப்பை வாங்கி வைத்து, ஃபோர்மட் அடித்து, பிள்ளையின் நோட்ஸையெல்லாம் அழித்து, ஃபோர்மட்டுக்கும் காசு, புது வைரஸ் கார்டுக்கும் காசு என்று எடுக்கிறவர்களை என்ன சொல்ல?

டிஃபென்டரில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம்முடைய ஊரில் அது தடுமாறுகிற ஓர் இடம் உண்டு. ஒரு ஃபைல் கெட்டதா நல்லதா என்று முடிவெடுக்க அது இணையத்தின் உதவியைப் பெரிதும் நம்பியிருக்கிறது. இணைப்பு இல்லாத நேரத்தில் அதன் பிடிக்கும் திறன் குறைவதை ஏவி-கொம்பரட்டிவ்ஸ் நிறுவனத்தின் சோதனைகளும் காட்டுகின்றன. இங்கே பல வீடுகளில் வைஃபை இல்லை. போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, தேவையான நேரம் மட்டும் டேட்டா கொடுக்கிறோம். அந்த ஹொட்ஸ்பொட்டை "மீட்டர்ட்" (டேட்டாவை அளந்து பாவிக்கிற இணைப்பு) என்று குறித்து வைத்திருந்தால் வின்டோஸின் பெரிய அப்டேட்கள் தானாக இறங்காமல் நிற்கும். டேட்டா மிச்சம் என்று மாதக்கணக்காக அப்படியே விடுகிறார்கள். மூதூர், கிண்ணியா, நிலாவெளி என்று எங்கே போனாலும் இதே கதைதான். பிறகு எசைன்மென்ட் பிரிண்ட் எடுக்க பென் டிரைவை ஒரு கொமினிகேஷன் கடையில் செருகினால், நாள் முழுக்க நூறு பென் டிரைவ் ஏறி இறங்கிய கொம்பியூட்டரிலிருந்து ஷோர்ட்கட் வைரஸ் தொற்றிக்கொள்கிறது. ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து, அதே பெயரில் சின்ன அம்புக்குறி போட்ட ஐகன்கள் மட்டும் நிற்கும். பிள்ளை அதில் இரண்டு தரம் தட்டினால் வீட்டு லப்டொப்புக்கும் வந்துவிடும்.

இதற்கும் காசு கொடுத்து வாங்கும் வைரஸ் கார்ட் தேவையில்லை. கிழமைக்கு ஒருமுறையாவது நெட் கொடுத்து வின்டோஸ் அப்டேட்டை அழுத்திவிடுங்கள். பென் டிரைவைத் திறக்க முதல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். பிரிண்ட் எடுக்க வேண்டியதை முடிந்தால் மெயிலில் அனுப்புங்கள். கடைக்காரர்களே, நீங்களும் காலையில் ஒரு தரம் உங்கள் கொம்பியூட்டரை ஸ்கேன் பண்ணினால் என்ன குறைந்துவிடும்? ஊருக்கே வைரஸ் பரப்பிவிட்டு, அடுத்த மேசையில் வைரஸ் கார்ட் விற்கிறீர்கள்!

2017 மே மாதம் வனாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கக் காசு கேட்கிற வைரஸ்) உலகத்தையே ஆட்டிப் படைத்ததே, அதற்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. அப்டேட் போடாத கொம்பியூட்டர்கள்தான் விழுந்தன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் நாட்டையே எடுங்கள். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் தாக்கியது. சுமார் 5,000 முகவரிகள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன, ஏனென்றால் அந்தக் காலத்துக்கு பெக்கப் இல்லை. ஓடிக்கொண்டிருந்ததும் காலாவதியான பழைய மென்பொருள். அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், வீட்டில் ஒரே ஒரு லப்டொப்பில் கல்யாணப் படமும் காணி உறுதியின் ஸ்கேனும் வைத்திருக்கிற நமக்கு எது முக்கியம்? அந்த 3,500 ரூபாவுக்கு ஒரு நல்ல பென் டிரைவ் வாங்கி, முக்கியமானதையெல்லாம் கொப்பி பண்ணி, லப்டொப்பில் செருகி வைக்காமல் அலுமாரிக்குள் வையுங்கள். ரான்சம்வேருக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. இதை ஒரு கடையிலாவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா?

வின்டோஸ் 10 வைத்திருப்பவர்களை இப்போது புதிதாகப் பயம் காட்டத் தொடங்கியிருக்கிறார்கள். 2025 ஒக்டோபர் 14 உடன் அதற்கான வழக்கமான அப்டேட் முடிந்தது உண்மை. ஆனால் டிஃபென்டரின் வைரஸ் விபரங்கள் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொஃப்ட் சொல்லியிருக்கிறது. வின்டோஸுக்கான மேலதிகப் பாதுகாப்பு அப்டேட்டையும் 2026 ஒக்டோபர் 13 வரை பெறலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பெக்கப் பண்ணினால் அதற்கும் காசில்லை. அதற்குப் பிறகு ஓட்டை விழுகிற வின்டோஸுக்கு மேல் எந்த வைரஸ் கார்டைப் போட்டாலும் ஓட்டை அடைபடாது. ஆகவே "வின்டோஸ் 10க்கு இனி வைரஸ் கார்ட் கட்டாயம்" என்று சொல்லி விற்பது சுத்தப் பொய்.

வேலை செய்கிறவருக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. வின்டோஸ் போட்டுத் தந்தால், தூசி தட்டித் தந்தால், அதற்கு நியாயமான காசை வாங்குங்கள். கூடுதல் வைரஸ் கார்ட் கேட்டு வருகிறவருக்கு விற்கவும் செய்யுங்கள். ஆனால் கீ எத்தனை மாதத்துக்கு, எத்தனை கொம்பியூட்டருக்கு, அடுத்த வருடம் என்ன விலை என்பதைப் பில்லில் எழுதிக் கொடுங்கள்.

வாங்கப் போகிறவர்களே, காசைக் கொடுக்க முதல் அந்த மேசையிலேயே லப்டொப்பைத் திறக்கச் சொல்லுங்கள். வின்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய், ரியல் டைம் ப்ரொடெக்ஷன் ஓனில் இருக்கிறதா, எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல் வெறுமையாக இருக்கிறதா, வின்டோஸ் முறையாக அக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தாலோ, "அதெல்லாம் உங்களுக்கு விளங்காது அக்கா" என்று சொன்னாலோ, காசைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.