மோதேனா வினிகர் எல்லாமே 12 ஆண்டு ஊறியதா?

இத்தாலியின் மோதேனாவிலிருந்து வரும் பால்சமிக் வினிகர் எதுவானாலும் 12 ஆண்டு மரப்பீப்பாயில் ஊறியது, அதில் திராட்சைச் சாறு மட்டுமே இருக்கிறது என்று பகிரப்படும் செய்தி தவறானது. அந்த விதி ‘ட்ரடிசியோனாலே’ என்ற சொல் புட்டியின் பெயர்ச்சீட்டில் உள்ள பாரம்பரிய வகைக்கு மட்டுமே பொருந்தும்.

எமிலியா-ரொமான்யா மாநிலத்தில், போ ஆற்றுச் சமவெளிக்கும் அப்பென்னைன் மலையடிவாரத்துக்கும் இடையே உள்ள மோதேனாவில் கோடை புழுங்கும், குளிர்காலம் பனிமூட்டத்தில் உறையும். இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான், வாணலியில் சுண்டக் காய்ச்சிய த்ரெப்பியானோ, லம்ப்ருஸ்கோ திராட்சைச் சாற்றை, ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி எனப் பலவகை மரங்களில் செய்து, பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்திய பீப்பாய்களில் ஊற்றி, வீட்டின் பரண் அறையில் வைக்கிறார்கள். ஆண்டுதோறும் மிகச் சிறிய பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, அந்தக் குறையை அடுத்த பெரிய பீப்பாயிலிருந்து நிரப்பிக்கொண்டே போவதால், குறைந்தது 12 ஆண்டுகளில் அது தேன்போல் கெட்டிப்படுகிறது; 25 ஆண்டு தாண்டியதற்கு ‘எக்ஸ்ட்ராவெக்கியோ’ என்று பெயர். சுவைக் குழு ஒப்புதல் அளித்த பின்னரே அது 100 மில்லிலிட்டர் புட்டியில் அடைக்கப்படும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டித் துண்டின்மேல் சில சொட்டு விட்டாலே போதும். அதைச் சமையலில் கொதிக்க வைப்பது வீண்.

பல்பொருள் அங்காடிகளில் மலிவாகக் கிடைப்பதோ ‘ஐ.ஜி.பி.’ (பாதுகாக்கப்பட்ட புவிசார் குறியீடு) முத்திரையுள்ள, 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் பதிவு செய்த வேறொரு வகை. இதில் திராட்சைச் சாற்றுடன் ஒயின் வினிகரும் கட்டாயம் சேரும், நிறத்துக்காக 2 சதவீதம் வரை கேரமல் சேர்க்கவும் அனுமதி உண்டு, தயாரிப்புக்கு 60 நாள் போதும். இது கலப்படம் அல்ல, காய்கறி சாலடுக்கு நன்றாகவே பொருந்தும்.