ஒட்டிக்கொண்டதெல்லாம் ஒட்டுண்ணி அல்ல

மேஃபிளை (இளம்பருவத்தை நீருக்குள் கழிக்கும் ஒரு பூச்சி) இளம்பூச்சியின் மேல் ஒரு புழு ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து, அதைக் 'கொசுப்புழு' என்றும், 'இவை எல்லாமே ரத்தம் உறிஞ்சி, தங்களைச் சுமக்கும் பூச்சியைக் கொல்பவை' என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

இவை கைரோனமிட் என்ற மிட்ஜ் குடும்பத்தின் லார்வாக்கள். இந்தக் குடும்பத்தின் வளர்ந்த மிட்ஜ் பார்வைக்குக் கொசுவைப் போலவே இருக்கும், ஆனால் கடிக்காது. பாவம், கொசு என்று எண்ணி அடிபட்டுச் சாகும் பூச்சி அது.

இவற்றில் ஒட்டுண்ணி உண்டு, மறுக்கவில்லை. சிம்பியோகிளாடியஸ் பேரினத்தின் லார்வா, மேஃபிளையின் வளர்ந்துவரும் இறக்கை உறைகளுக்கு அடியில் புகுந்து, அதன் உடல்திரவத்தைக் குடித்தே வளர்கிறது. கூட்டுப்புழு ஆவதும் அங்கேயேதான். அதைச் சுமக்கும் பூச்சி பெரும்பாலும் இனப்பெருக்கம் செய்யும் நிலையை எட்டுவதில்லை.

ஆனால் எப்பாய்கோகிளாடியஸ் என்ற இன்னொரு பேரினத்தின் கதை வேறு. ஆற்றடி மண்ணில் வளை தோண்டி வாழும் மேஃபிளைகளின் உடலில் தங்கி, அங்கே படியும் நுண்துகள்களைத் தின்று வாழ்கிறது. செவுள் அசைவு உண்டாக்கும் நீரோட்டம் இருப்பதால் உணவுக்கும் ஆக்சிஜனுக்கும் குறைவில்லை. உறிஞ்சுவதற்கு அதற்கு என்ன அவசியம்? நானோகிளாடியஸ் என்ற மற்றொரு பேரினத்தில் சில இனங்கள் ஸ்டோன்ஃபிளை, டாப்சன்ஃபிளை ஆகிய பூச்சிகளின் நீரில் வாழும் இளம்பருவங்கள் மேல் தொற்றிக்கொள்கின்றன. அவற்றிலும் பல வெறும் பயணிகள்தாம்.

ஒரு படத்தை மட்டும் வைத்து 'கொலைகாரன்' என்று தீர்ப்பு எழுத முடியாது. புழு எந்தப் பேரினம், உடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இறக்கை உறைக்கு அடியில் என்றால் சந்தேகப்படலாம்.