நேரமின்மை மட்டும் காரணம் அல்ல

விக்கிப்பீடியாவில் பெண்கள் குறைவாக எழுதுவதற்கு நேரமின்மையே முதன்மைக் காரணம் என்கிறார், இதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர். வீட்டு வேலையின் சுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுத வந்த பெண்கள் ஏன் திரும்பிப் போகிறார்கள் என்ற கேள்வியை அவர் தொடவே இல்லை.

எமிலி டெம்பிள்-வுட் என்ற அமெரிக்கப் பெண், மாணவியாக இருந்தபோதே விக்கிப்பீடியாவில் பெண் அறிவியலாளர்களைப் பற்றி எழுதிவந்தார். அவருக்கு ஆபாச மின்னஞ்சல்கள் வந்தன. அப்படி வரும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு பெண் அறிவியலாளரைப் பற்றிக் கட்டுரை எழுதுவது என்று முடிவெடுத்தார். 2016இல் ஆண்டின் சிறந்த விக்கிப்பீடியர் என்ற சிறப்பு அவருக்கும் விக்கிப்பீடியாவில் எழுதும் மற்றொரு பெண்ணான ரோசி ஸ்டீபன்சன்-குட்நைட்டுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அந்தத் துணிச்சலை நானும் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அறிவைப் பகிர வந்த ஒருவருக்கு இத்தனை துணிச்சல் ஏன் தேவைப்பட வேண்டும்? சத்தமில்லாமல் விலகிப் போனவர்களை யார் கணக்கெடுப்பது?

எழுதும் பெண்கள் குறைவதால் இழப்பு வாசகர்களுக்கும்தான். கனடா நாட்டு அறிவியலாளர் டோனா ஸ்டிரிக்லண்ட் 2018 அக்டோபரில் இயற்பியல் நோபல் பரிசுக்குத் தேர்வானபோது ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிக் கட்டுரை இல்லை. ஒருவர் எழுதிய வரைவு, போதிய சான்றுகள் இல்லை என்று அதே ஆண்டு மே மாதம் நிராகரிக்கப்பட்டிருந்தது.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அனைவருக்குமான நடத்தை விதிகளை 2021இல்தான் அறிவித்தது. விக்கிப்பீடியா தொடங்கி இருபது ஆண்டுகள் கழித்து. விதி மட்டும் போதாது. தொல்லைக்கு ஆளான பெண் பெரும்பாலும் விக்கிப்பீடியாவின் பொதுப் பக்கத்தில், எல்லோர் கண்முன்னும் வாதாடித்தான் நியாயம் பெற வேண்டும் என்ற நிலையை முதலில் மாற்றுங்கள்.